மடிக்கணினியா, கைக்கணினியா? கல்லூரி மாணவரின் கணினித் தேர்வு: ஒரு வரலாறு

மாறுவடிவக் கணினி என்பது, விசைப்பலகையுடன் மடிக்கணினியாகவும், திரையை மடக்கியோ கழற்றியோ கைக்கணினியாகவும் பயன்படுத்தத்தக்க கணினி ஆகும். கடைகளில் இது 'டூ-இன்-ஒன்' என்றும் 'டச் லேப்டாப்' என்றும் அழைக்கப்படுகிறது. கல்லூரியில் சேரும் மாணவர் ஒருவர் சாதாரண மடிக்கணினி வாங்குவதா, கைக்கணினி வாங்குவதா, இரண்டும் சேர்ந்த கருவியை வாங்குவதா என்பது இன்று வீடுதோறும் எழும் கேள்வி. இதே கேள்வியை மைய அரசும் தமிழ்நாடு அரசும் வெவ்வேறு காலங்களில் எதிர்கொண்டு, வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன. அவ்விடைகளின் வரலாற்றையும், அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பூமியில் வாழும் மாணவருக்கு அவ்வரலாறு உணர்த்துவதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் வகைகளும்

தமிழில் 'லேப்டாப்' மடிக்கணினி என்றும், 'டேப்லெட்' கைக்கணினி அல்லது பலகைக் கணினி என்றும் வழங்கப்படுகின்றன. அரசு அறிவிப்புகளில் 'கைக்கணினி' என்ற சொல்லே பெரிதும் காணப்படுகிறது. பேச்சு வழக்கில் 'டேப்' என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

மாறுவடிவக் கணினிகள் மூன்று வகைப்படும்.

1. சுழல்திரை வகை: திரையின் நடுவில் உள்ள ஒற்றைக் கீலில் திரையைத் திருப்பி, விசைப்பலகையின் மேல் படுக்க வைப்பது. 2000களில் இதுவே பெருவழக்கு.
2. முழுமடிப்பு வகை: திரையை 360 பாகை மடக்கிப் பின்புறம் கொண்டுவருவது. இன்று கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது இதுவே.
3. கழற்று வகை: விசைப்பலகையைத் தனியே கழற்றிவிடக்கூடியது. கணினியின் உறுப்புகள் யாவும் திரைப் பகுதிக்குள் இருக்கும்.

தோற்றம்

மாணவர் கையில் ஏடு போல ஒரு கணினி இருக்க வேண்டும் என்ற எண்ணம், தனியாள் கணினிகள் சந்தைக்கு வரும் முன்பே பிறந்துவிட்டது. அமெரிக்கக் கணினி அறிஞர் ஆலன் கே 1972ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்றில், எல்லா வயதுக் குழந்தைகளுக்குமான 'டைனாபுக்' என்ற கருவியைக் கற்பனை செய்தார். தட்டையான திரையும் விசைப்பலகையும் கொண்ட, கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவி அது. குழந்தை அதில் படிப்பதோடு நில்லாமல், எழுதவும் வரையவும் நிரல் அமைக்கவும் வேண்டும் என்பதே அவருடைய அடிப்படைக் கருத்து.

1989இல் 'கிரிட்பேட்' என்ற எழுதுகோல் கணினி விற்பனைக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் 'கிரிட் கன்வர்ட்டிபிள்', காம்பேக் நிறுவனத்தின் 'கன்செர்ட்டோ' ஆகியவை விசைப்பலகையையும் எழுதுகோலையும் ஒரே கருவியில் இணைத்தன. அக்காலத்து மின்கலமும் கையெழுத்தை அறியும் மென்பொருளும் போதிய வலிமை பெறாததால் அவை பரவலாகவில்லை.

2002 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'விண்டோஸ் எக்ஸ்பி டேப்லெட் பிசி' பதிப்பை வெளியிட்டது. ஏசர், தோஷிபா, காம்பேக் முதலிய நிறுவனங்கள் அதற்கேற்ற கருவிகளைத் தந்தன. ஏசரின் 'டிராவல்மேட் சி100' சுழல்திரை வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் இக்கருவிகள் ஏறத்தாழ 2,000 டாலர் அளவுக்கு விற்றன. மருத்துவமனைகளும் பெருநிறுவனங்களுமே அவற்றை வாங்கின. கல்லூரி மாணவருக்கு அவை எட்டாக்கனியாகவே இருந்தன.

மாணவருக்கான மலிவுக் கணினி

மாறுவடிவக் கணினியை ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே வடிவமைத்த முதல் பெருமுயற்சி, நிக்கோலஸ் நெக்ரோபாண்டே தலைமையில் உருவான 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' இயக்கம் ஆகும். 2007இல் பெருமளவு உற்பத்திக்கு வந்த அதன் 'எக்ஸ்ஓ' கணினி, திரையைத் திருப்பி மடித்தால் மின்னூல் படிக்கும் கருவியாகும். மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த அதன் திரையை நண்பகல் வெயிலிலும் படிக்க முடிந்தது. மரத்தடியில் வகுப்பு நடக்கும் ஊர்களை மனத்தில் கொண்டு செய்யப்பட்ட வேலை அது. விசைப்பலகையின் மேல் தூசி புகாதபடி ரப்பர் உறை போர்த்தப்பட்டிருந்தது.

இந்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2006இல் இத்திட்டத்தில் சேர மறுத்துவிட்டது. ஆசிரியரும் வகுப்பறையும் போதாத நாட்டில் குழந்தைக்கொரு கணினி என்பது கல்வி நோக்கில் ஐயத்துக்குரியது என்பதே அமைச்சகத்தின் நிலைப்பாடு. ஆயினும் 2007இல் மகாராஷ்டிர மாநிலம் கைராத் என்ற சிற்றூரில் அக்கணினி சோதித்துப் பார்க்கப்பட்டது. அன்றைய மறுப்பு சரியா தவறா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. மைய அரசே உள்நாட்டில் ஒரு மலிவுக் கருவியை உருவாக்க முனைந்ததையும் இதன் தொடர்ச்சியில் வைத்துப் பார்க்கலாம்.

2011: இருபது நாளில் இரண்டு விடைகள்

இந்திய மாணவரின் கணினி வரலாற்றில் 2011ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சரியாக இருபது நாள் கழித்து, அக்டோபர் 5 அன்று, புதுதில்லியில் மைய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' கைக்கணினியை வெளியிட்டார்.

மாணவருக்கு எந்தக் கருவி வேண்டும் என்ற கேள்விக்குச் சென்னையும் தில்லியும் எதிரெதிரான விடைகளைச் சொன்னதாகவே இதைக் கொள்ளலாம்.

ஆகாஷ், டேட்டாவிண்ட் நிறுவனம் தயாரித்த 7 அங்குலக் கைக்கணினி. அரசு அதை ஏறத்தாழ 50 டாலருக்கு வாங்கியது. 256 எம்பி ராம் நினைவகம், ஆண்ட்ராய்டு 2.2 இயங்குதளம், அழுத்தினால் மட்டுமே உணரும் வகைத் தொடுதிரை ஆகியவை அதன் கூறுகள். விரலால் அழுத்தி அழுத்தித் தொட வேண்டியிருந்தது. மின்கலம் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்ட 'ஆகாஷ் 2' ஓரளவு மேம்பட்டிருந்தது. மும்பை ஐஐடி அதன் கல்விப் பயன்பாட்டுக்கு உழைத்தது. எனினும் திட்டமிட்ட பெருந்தொகையில் ஆகாஷ் மாணவரைச் சென்றடையவே இல்லை.

தமிழ்நாடு வழங்கிய மடிக்கணினி 14 அங்குலத் திரை, 2 ஜிபி ராம், 320 ஜிபி வன்தட்டு, முழு விசைப்பலகை ஆகியவற்றைக் கொண்டது. விண்டோஸோடு, சீ-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அதில் இருந்தது. விலை ஆகாஷைப் போலப் பல மடங்கு. ஆனால் அது ஒரு முழுக் கணினி. அதில் படமும் பார்க்கலாம், பாடத்தையும் தட்டச்சு செய்யலாம், நிரலும் எழுதலாம்.

மலிவான கருவியைக் கொடுத்து எல்லோரையும் எட்டுவதா, விலை கூடினாலும் வேலைக்கு உதவும் கருவியைக் கொடுப்பதா என்ற கேள்வி, அரசுக்கு மட்டுமன்றி வீட்டில் பணம் எண்ணிப் பார்க்கும் பெற்றோருக்கும் உரியது. 2011இல் கிடைத்த அனுபவம் பின்னதன் பக்கமே சாய்கிறது.

விலையில்லா மடிக்கணினியின் காலம்: 2011–2019

தமிழ்நாட்டில் அரசு மாணவருக்குப் பொருளாகத் தரும் வழக்கம் நெடியது. காமராசர் காலத்தில் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு, அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று 1977இல் முதலமைச்சரான எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய சத்துணவு, பின்னர் வந்த இலவசப் பேருந்துப் பயண அட்டை, மிதிவண்டி ஆகியவற்றின் தொடர்ச்சியே மடிக்கணினி. காமராசரின் விருதுநகரும், எட்டயபுரமும், அருப்புக்கோட்டையும் ஒரே கரிசல் நிலப்பரப்பில் அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

அரசு, அரசு உதவி பெறும் நிறுவனங்களின் மேல்நிலை வகுப்பு, கலை அறிவியல், பொறியியல், பலதொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் இத்திட்டத்தில் அடங்கினர். ஐந்தாண்டில் 68 லட்சம் மாணவருக்கு வழங்குவது இலக்கு. முதலாண்டில் 9.12 லட்சம் கணினிகளுக்கு 912 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. திட்டத்தைச் செயற்படுத்தச் சிறப்புத் திட்டச் செயலாக்கத் துறை என்ற தனித் துறையே உருவாக்கப்பட்டது. கொள்முதலை 1977இல் நிறுவப்பட்ட எல்காட் என்னும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் மேற்கொண்டது. ஏசர், எச்சிஎல், லெனோவோ போன்ற நிறுவனங்கள் கணினிகளை வழங்கின. இம்மூன்றுக்கும் அருகிலுள்ள புதுச்சேரியில் தொழிற்சாலைகள் இருந்தன.

2019 வரை 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. உலகில் ஓர் அரசு மாணவருக்கு வழங்கிய கணினிகளின் எண்ணிக்கையில் இது மிகப் பெரியவற்றுள் ஒன்று.

அருப்புக்கோட்டையில் அரை நூற்றாண்டாக இயங்கிவரும் தேவாங்கர் கலைக் கல்லூரி, சைவ பானு க்ஷத்ரிய கல்லூரி ஆகியவை நெசவாளர், நூற்பாலைத் தொழிலாளர், மானாவாரி உழவர் வீட்டுப் பிள்ளைகளைத் தலைமுறைகளாகப் பட்டதாரிகளாக்கி வருபவை. இத்தகைய குடும்பங்களில் அரசு தந்த கணினியே பெரும்பாலும் வீட்டுக்கு வந்த முதல் கணினி. அக்காள் படித்து முடித்ததும் தம்பிக்கு வரும். அதன்பின் வீட்டில் திருமணப் படங்கள் பார்க்கவும் அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவும் பயன்படும்.

திட்டத்துக்குக் குறைகளும் உண்டு. சில கணினிகள் விற்கப்பட்டன. பழுதானவற்றைச் சரிசெய்ய ஊரகத்தில் வசதி குறைவு. 2011–2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிப் பொழுது மின்வெட்டு நிலவியபோது, மின்கலம் தீர்ந்த கணினி பெட்டிக்குள் கிடந்தது. மின்சாரம் இல்லாத ஊரில் கணினியின் தரம் அதன் வேகத்தால் அன்றி மின்கலத்தால் அளக்கப்படும் என்பதை அவ்வாண்டுகள் கற்பித்தன. பிற்காலத்தில் நிலைமை மாறியது. 2016இல் திருச்சுழியை அடுத்த கமுதிப் பகுதியில் 648 மெகாவாட் திறன் கொண்ட சூரிய மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் அம்மாற்றக் காலத்தில்தான்.

கீல் மாறிய கதை

தமிழ்நாட்டில் மடிக்கணினி வழங்கப்பட்டு வந்த அதே ஆண்டுகளில் உலகச் சந்தையில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 2010 ஏப்ரலில் ஆப்பிளின் ஐபேட் வந்தது. மின்தேக்குத் திறனின் மாற்றத்தை உணரும் கண்ணாடித் தொடுதிரை விரல் பட்டாலே இயங்கியது. கைக்கணினி என்றால் அழுத்த வேண்டிய கருவி என்ற எண்ணம் மறைந்தது.

2012 அக்டோபரில் தொடுதிரைக்கென வடிவமைத்த விண்டோஸ் 8 வெளியானது. லெனோவோவின் 'யோகா' 360 பாகை மடியும் கீலுடனும், மைக்ரோசாஃப்டின் 'சர்ஃபேஸ்' கழற்றக்கூடிய விசைப்பலகையுடனும் அதனோடு வந்தன. சுழல்திரை வகை மெல்ல வழக்கொழிந்தது. ஒற்றைக் கீலைவிட இரு முனைகளிலும் அமைந்த கீல்கள் வலுவானவை என்பதும், கருவியை மெலிதாகச் செய்ய முடிந்தது என்பதும் இதற்குக் காரணங்கள்.

எழுதுகோலும் மேம்பட்டது. ஜப்பானின் வேக்கம் நிறுவனம் பரவலாக்கிய மின்காந்த ஒத்திசைவு முறையில், திரைக்கு அடியில் உள்ள மெல்லிய கம்பிவலை ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். எழுதுகோலின் உள்ளிருக்கும் சுருள் அப்புலத்திலிருந்தே மின்னாற்றலைப் பெற்றுக்கொள்ளும். எனவே எழுதுகோலுக்குத் தனி மின்கலம் தேவையில்லை. வேறு முறைகளில் இயங்கும் எழுதுகோல்களுக்குச் சிறு மின்கலமோ சார்ஜோ தேவைப்படும். ரப்பர் முனை கொண்ட மலிவான கோல்கள் விரலுக்குப் பதிலியே தவிர, எழுதுவதற்கு உதவா.

கைப்பேசிப் படிப்பும் இடைவெளி ஆண்டுகளும்

2020 மார்ச்சில் கொரோனாப் பொதுமுடக்கம் வந்தது. கல்லூரிகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்கு மாறின. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'கல்வித் தொலைக்காட்சி' பள்ளி மாணவருக்குக் கைகொடுத்தது. கல்லூரி மாணவருக்குக் கைப்பேசியே வகுப்பறையானது. வீட்டில் ஒரே கைப்பேசி இருந்த குடும்பங்களில் அண்ணன் வகுப்பு முடியும் வரை தங்கை காத்திருக்க நேர்ந்தது. கைப்பேசியின் சிறு திரையில் கணக்கின் படிகளைப் படிப்பதும், கட்டை விரலால் கட்டுரை எழுதுவதும், விடைத்தாளைப் படமெடுத்து அனுப்புவதும் அன்றாடமாயின.

அதே காலத்தில் உலகளவில் சில்லு தட்டுப்பாடு ஏற்பட்டது. தமிழ்நாட்டில் மடிக்கணினி வழங்கல் நின்றுபோனது. கணினி மிகவும் தேவைப்பட்ட ஆண்டுகளில் கல்லூரிக்குள் நுழைந்த மாணவர்களே கணினி பெறாமல் வெளியேறினர். இத்திட்டத்தின் வரலாற்றில் வருத்தத்துக்குரிய பக்கம் இதுதான். 2018இல் தொடங்கிய மைய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை விருதுநகரும் இராமநாதபுரமும். கல்வியில் கூடுதல் கவனம் வேண்டும் எனக் குறிக்கப்பட்ட மாவட்டங்களில் அவ்விழப்பு இன்னும் கூர்மையானது.

பல குடும்பங்கள் இக்காலத்தில்தான் முதன்முறையாகத் தம் சொந்தப் பணத்தில் மாணவர் கணினியைத் தேடத் தொடங்கின. 'டேப் போதுமா, லேப்டாப் வேண்டுமா?' என்ற கேள்வி நகரத்தைக் கடந்து சிற்றூருக்கும் வந்து சேர்ந்தது.

2025: 'கைக்கணினி அல்லது மடிக்கணினி'

2025 மார்ச் 14 அன்று தமிழ்நாடு அரசின் நிதிநிலை அறிக்கையை அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு சட்டப்பேரவையில் அளித்தார். அவர் அப்போது திருச்சுழித் தொகுதியின் உறுப்பினர்; 2006–2011இல் பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தவர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவருக்கு அவரவர் விருப்பப்படி கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்றும், அதற்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றும் அவர் அறிவித்தார்.

'அல்லது' என்ற அந்த ஒரு சொல் வரலாற்று நோக்கில் முக்கியமானது. 2011இல் அரசு தேர்ந்தது, மாணவர் பெற்றுக்கொண்டார். 2025இல் தேர்வு மாணவரிடமே விடப்படும் என்ற எண்ணம் முதன்முறையாக வெளிப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 2024இல், தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஏறத்தாழ 80,000 பேருக்கு அரசு கைக்கணினி வழங்கத் தொடங்கியிருந்தது.

ஆனால் நடைமுறையில் எல்காட் ஒப்பந்தப்புள்ளி கோரியது மடிக்கணினிக்கே. 2026 ஜனவரி 5 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் திட்டத்தைச் சென்னையில் தொடங்கி வைத்தார். முதற்கட்டமாக 10 லட்சம் மாணவர் என்பது இலக்கு. டெல், ஏசர், எச்பி நிறுவனங்களின் கணினிகள், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகத்தோடு வழங்கப்பட்டன. 2011இன் கருவியோடு ஒப்பிட்டால் ராம் நான்கு மடங்கு. சேமிப்பகத்தின் அளவு குறைவாகத் தோன்றினாலும், சுழலும் தட்டு இல்லாததால் அது பன்மடங்கு விரைவானது. கீழே விழுந்தாலும் எளிதில் கெடாதது.

இவ்வாறு பெருந்திட்டத்தின் விடை இரண்டாம் முறையும் மடிக்கணினியாகவே அமைந்தது. மாறுவடிவக் கணினி இரண்டு முறையும் பட்டியலில் இடம்பெறவில்லை. அரசு தரும் கணினியில் எழுதுகோல் வேண்டும் என்று விரும்பும் மாணவர் அதைத் தானேதான் வாங்க வேண்டும்.

தமிழும் எழுதுகோலும்

மாறுவடிவக் கணினியின் சிறப்பு திரையில் எழுதுவது. தமிழ் மாணவருக்கு அது எந்த அளவு பயன்படும் என்பதற்குத் தனி வரலாறு உண்டு.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம்99 மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி ஒருங்குறியை அரசு ஏற்றது. இதனால் தட்டச்சுத் தமிழ் உறுதிப்பட்டது. கையெழுத்துத் தமிழோ பின்தங்கியது. 2002இன் டேப்லெட் பிசி ஆங்கிலம், ஜப்பானியம், சீனம் போன்ற சில மொழிகளின் கையெழுத்தையே அறிந்தது, தமிழை அறியவில்லை. பெங்களூரில் இயங்கிய எச்பி ஆய்வகம் தமிழ்க் கையெழுத்து வடிவங்களைத் திரட்டி, 156 குறிவடிவங்களாகப் பகுத்து, 2006இல் ஆய்வாளர்களிடையே போட்டி நடத்த உதவியது. 247 எழுத்துகளையும் தனித்தனியே கணினிக்குக் கற்பிக்காமல், கொம்பு, கால் போன்ற துணைக்குறிகளைப் பிரித்துக் கற்பிக்கும் முறை அது. 2015இல் கூகுள் வெளியிட்ட கையெழுத்து உள்ளீட்டுச் செயலி 82 மொழிகளை ஏற்றது. அவற்றுள் தமிழும் ஒன்று.

எழுதியதை எழுத்துருவாக மாற்றாமல் கையெழுத்தாகவே சேமிக்க எந்த மொழித் தடையும் இல்லை. தமிழ், கணிதக் குறியீடு, வேதியியல் வாய்பாடு, வரைபடம் எல்லாம் ஒரே பக்கத்தில் அமையும். விசைப்பலகையால் இது எளிதன்று.

படிப்பதற்கும் கைக்கணினி வடிவம் ஏற்றது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உள்ள பழைய நூல்கள் பெரும்பாலும் நெடும்பக்கப் படங்கள். மடிக்கணினியின் கிடைத் திரையில் பாதிப் பக்கமே தெரியும். திரையை நிமிர்த்திப் பிடித்தால் முழுப் பக்கமும் தெரியும்.

வறண்ட பகுதி மாணவருக்கான அளவுகோல்கள்

கல்லூரிக்காக வாங்கும் கணினி நெடுநாள் உழைக்க வேண்டும். இளங்கலைக்கு மூன்றாண்டு, பொறியியலுக்கு நான்காண்டு. பருத்தியோ மிளகாயோ விளைந்த ஆண்டில் வாங்கியதை, மழை பொய்த்த ஆண்டில் மாற்ற இயலாது. எனவே தேர்வில் பின்வருவன கருதத்தக்கவை.

படிப்பு: வணிகவியல் மாணவருக்கு டேலி, எக்செல் ஆகியவற்றில் எண்களை விரைவாக இடத் தனி எண் விசைத்தொகுதி உதவும். அது பெரும்பாலும் 15.6 அங்குல மடிக்கணினிகளில்தான் உண்டு. கணினி அறிவியலுக்கும் பொறியியல் வரைகலைக்கும் கூடுதல் ராமும் வேகமான நுண்செயலியும் முதன்மை. இதே விலையில் மாறுவடிவக் கணினி குறைந்த வேகமே தரும். கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல் மாணவருக்கும், நெசவு அல்லது ஆடை வடிவமைப்புப் பயில்வோருக்கும் எழுதுகோல் உண்மையாகவே பயன்படும். தமிழ், வரலாறு, ஆங்கிலம் பயில்வோருக்கு நல்ல விசைப்பலகையே போதும்.

மென்பொருள்: கைக்கணினிகள் பெரும்பாலும் ஆண்ட்ராய்டில் இயங்குபவை. ஆய்வகத்தில் பயன்படும் விண்டோஸ் மென்பொருள்கள் அவற்றில் நிறுவப்படா. துறையில் என்ன மென்பொருள் பயன்படுகிறது என்பதை மூத்த மாணவரிடமோ ஆசிரியரிடமோ கேட்டறிந்த பின்னரே கருவியை முடிவு செய்வது நலம்.

வெயிலும் தூசியும்: லித்தியம் மின்கலம் வெப்பத்தில் விரைந்து தேயும். தகரக் கூரைக்கு அடியில் கோடைப் பகலில் சார்ஜ் போடுவதைத் தவிர்க்க வேண்டும். மெலிதான மாறுவடிவக் கணினிகள் சிலவற்றில் விசிறி இராது. அவை சூடேறினால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பளபளப்பான தொடுதிரை வெளிச்சத்தில் கண்ணாடி போல எதிரொளிக்கும். 'எக்ஸ்ஓ' திரை தந்த வெயில் வசதி இன்றைய மலிவுக் கருவிகளில் இல்லை.

பழுது: சாதாரண மடிக்கணினியின் வன்தட்டு, ராம், மின்கலம் ஆகியவற்றை ஊர்க் கடையிலேயே மாற்றலாம். 2011–2019இல் வந்த அரசு மடிக்கணினிகள் பல, பழைய வன்தட்டை எடுத்து எஸ்எஸ்டி பொருத்தியபின் மறுவாழ்வு பெறும். மாறுவடிவக் கணினியில் ராம் பெரும்பாலும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். திரை உடைந்தால் தொடுகண்ணாடியும் திரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள மதுரைக்குச் சேவை மையம் தேடிச் செல்லும் செலவையும், அங்கே கருவி கிடக்கும் நாள்களையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

அரசுத் திட்டம்: அரசுக் கல்லூரியில் சேர்பவர் மடிக்கணினி கிடைக்குமா, எந்த ஆண்டில் கிடைக்கும் என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். திருச்சுழியிலும் அண்மை ஆண்டுகளில் அரசு கலை அறிவியல் கல்லூரி தொடங்கப்பட்டுள்ளது. மடிக்கணினி கிடைப்பது உறுதியானால் சொந்தப் பணத்தில் மற்றொரு மடிக்கணினி வாங்குவது வீண். எழுதுகோல் உள்ள எளிய கைக்கணினி ஒன்றே அதற்குத் துணையாகப் போதும். இரு கருவிகளும் சேர்ந்து ஒரு மாறுவடிவக் கணினியின் வேலையைச் செய்துவிடும். ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கும்.

மதிப்பீடு

மாறுவடிவக் கணினி அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு கல்விக் கனவாகப் பிறந்தது. விலையால் மாணவரிடமிருந்து விலகியே நின்று, இப்போதுதான் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டத் தொடங்கியுள்ளது. ஆகாஷின் தோல்வியிலிருந்தும் தமிழ்நாட்டு மடிக்கணினியின் நீண்ட பயன்பாட்டிலிருந்தும் ஒரு பொதுப் பாடம் கிடைக்கிறது. கருவி எவ்வளவு மலிவு என்பதோ எத்தனை விதமாக மடியும் என்பதோ மாணவரை உயர்த்தவில்லை. அதைக் கொண்டு அவரால் ஏதேனும் ஒன்றை உருவாக்க முடிந்ததா என்பதே முடிவு செய்தது. கொரோனா ஆண்டுகளில் கைப்பேசி மட்டுமே வைத்திருந்த மாணவர்கள் வகுப்பைப் பார்த்தார்கள், கேட்டார்கள். எழுதுவதற்குத்தான் அவர்களுக்கு இடமில்லாமல் போனது.

ஆகவே தேர்வைக் கடையில் தொடங்காமல், அடுத்த மூன்று ஆண்டில் அம்மாணவர் செய்யப்போகும் வேலைகளின் பட்டியலிலிருந்து தொடங்குவது முறை. பட்டியலில் கணக்கும் படமும் மிகுந்தால் எழுதுகோலும், கட்டுரையும் கணக்கேடும் நிரலும் மிகுந்தால் விசைப்பலகையும் முன்னிற்கும். இரண்டும் சம அளவில் தேவைப்பட்டு, பழுதுச் செலவைத் தாங்கவும் குடும்பத்தால் இயலுமானால், அப்போது மாறுவடிவக் கணினி தகுந்த தேர்வு ஆகும்.